எழுத்தாளர் இல்லாத ஆறு வாரம்: 2008 ஜனவரியில் அமெரிக்கப் பின்னிரவு நகைச்சுவை நிகழ்ச்சிகள்

இரவு 11:35க்குத் தொடங்கும் ஓர் அமெரிக்க நகைச்சுவை உரையாடல் நிகழ்ச்சியில் எழுத்தாளர்களின் பங்கு எவ்வளவு? கடிகாரத்தை வைத்து அளந்தால் பதினைந்து, மிஞ்சினால் இருபது நிமிடம். மீதியெல்லாம் விருந்தினர் பேச்சு, இசை, விளம்பரம். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பிடுங்கிவிட்டு மற்றதை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். 2008 ஜனவரி 2 முதல் பிப்ரவரி 12 வரை தொகுப்பாளர்கள் ஜே லெனோ, கோனன் ஓ'பிரையன், ஜிம்மி கிம்மல் ஆகியோரும், ஜனவரி 7 முதல் ஜான் ஸ்டூவர்ட், ஸ்டீபன் கோல்பேர் இருவரும் அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்கள். விரும்பிப் போட்டதல்ல. எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் போட வைத்தது. இந்த வகை நிகழ்ச்சியின் எந்தத் தூண் எந்தச் சுவரைத் தாங்குகிறது என்று பார்க்க அந்த ஆறு வாரத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கடிகாரம்

ஒளிபரப்பு நேரம் சுமார் 62 நிமிடம். விளம்பரமும் உள்ளூர் நிலைய இடைவெளியும் போக, தயாரிப்புக் குழு நிரப்ப வேண்டியது 42 முதல் 45 நிமிடம். அதை ஆறேழு பகுதிகளாக வெட்டி ரன்டவுன், அதாவது நிகழ்ச்சி நிரல், போடுவார்கள். முதல் பகுதி, தொகுப்பாளர் நின்றபடி சொல்லும் நகைச்சுவை உரையான மோனோலாக்: எட்டிலிருந்து பத்து நிமிடம், லெனோ மாதிரி ஆளுக்கு இன்னும் நீளம். இரண்டாவது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்யும் டெஸ்க் பீஸ்: ஐந்து முதல் ஏழு நிமிடம். மூன்று, நான்கு இரண்டும் முதல் விருந்தினருக்கு. ஐந்தாவது இரண்டாம் விருந்தினருக்கு. ஆறாவதில் இசைக்குழு அல்லது மேடை நகைச்சுவையாளர், பிறகு முப்பது நொடி விடைபெறல்.

மாலை ஐந்தரைக்குப் படப்பிடிப்பு என்றால் வேலை காலை ஒன்பதுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆராய்ச்சி உதவியாளர்கள் தலைப்புச் செய்திகளைத் தொகுத்து அனுப்புவார்கள். பத்து, பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஆளுக்கு ஒரு கட்டு வரிகள் எழுதித் தருவார்கள். மொத்தம் நூறைத் தாண்டும், மேடை ஏறுவது பதினைந்துக்குள். நண்பகலுக்குள் டெஸ்க் பீஸ் எழுத்து முடிந்தால்தான் கிராபிக்ஸ், அரங்கப் பொருள், உடை ஆகிய மூன்று துறைகளும் கையில் வேலையோடு நிற்கும். இரண்டு மணிக்கு ஒத்திகை. மூன்று மணிக்குத் தொகுப்பாளரும் தலைமை எழுத்தாளரும் மோனோலாக்கை வடிகட்டுவார்கள். அதன்பின் கியூ கார்டு எழுதுபவர் தடித்த மார்க்கரால் பெரிய அட்டைகளில் எழுதத் தொடங்குவார். கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு அட்டை கிழிவதும் இரண்டு அட்டை புதிதாக வருவதும் அன்றாடம்.

அந்த அட்டையைக் கேமரா லென்ஸுக்கு ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு சாண் விலகினாலும் தொகுப்பாளர் பார்வையாளரைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பது போலத் தெரியும். மோனோலாக்கில் வரிசையும் முக்கியம். அன்றைய பெரிய செய்தியைத் தொடும் எளிய வரி முதலில், ஒரே விஷயத்தில் மூன்று நான்கு அடுத்தடுத்து, விழும் என்று சந்தேகப்படும் வரி நடுவில். முதல் வரி விழுந்தால் அரங்கின் சூடு இறங்கும். அதை மீட்கவே மூன்று வரி செலவாகும்.

படப்பிடிப்பு வரிசையாக, நிற்காமல் நடக்கும். விளம்பர இடைவெளியில் இசைக்குழு அரங்குக்கு வாசிக்கும், மேக்கப் சரிசெய்வார்கள், தயாரிப்பாளர் மேசையருகே வந்து அடுத்த பகுதிக்கு எத்தனை நிமிடம் என்று சொல்வார். இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக எடுத்து, ஏழு மணிக்குமேல் வெட்டிச் சரிசெய்து அனுப்புவார்கள். குறைவாக எடுத்துவிட்டால்தான் ஆபத்து. கூடினால் வெட்டலாம், குறைந்தால் எங்கிருந்து கொண்டுவருவது?

யார் கையில் நிகழ்ச்சி

2007 நவம்பர் 5, திங்கட்கிழமை, அமெரிக்க எழுத்தாளர் சங்கங்களின் சுமார் 12,000 உறுப்பினர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இணையத்தில் மறுபடி காட்டப்படும் படைப்புக்குக் கூலி என்ன என்பதே தலையாய பிரச்சினை. மாலை நேரத் தொடர்களிடம் எழுதிப் படம்பிடித்த அத்தியாயங்கள் சில வாரங்களுக்குக் கையிருப்பில் இருந்தன. தினசரி நிகழ்ச்சியிடம் நாளைக்கு என்று ஒன்றும் இருக்காது. அன்றிரவே எல்லோரும் மறுஒளிபரப்புக்குப் போனார்கள்.

மறுஒளிபரப்பு இந்த வகைக்குப் பொருந்தவே பொருந்தாது. மோனோலாக் நேற்றைய இட்லி. மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தியைப் பற்றிய கேலி சிரிப்புக்குப் பதிலாக யோசனையைத்தான் கிளப்பும். அதோடு எழுத்தாளர் பத்துப் பேர் என்றால், கேமரா, ஒலி, உடை, விருந்தினர் ஏற்பாடு என்று சம்பளத்துக்கு நிற்பவர்கள் அதைப்போல் எட்டு மடங்கு. கோனன் தன் குழுவில் எழுத்தாளர் அல்லாதவர்களின் சம்பளத்தைத் தன் பையிலிருந்து கொடுத்தார். அது எத்தனை நாள் ஓடும்? டிசம்பர் 3ஆம் தேதி, சங்கத்தில் உறுப்பினராக இல்லாத கார்சன் டேலி முதல் ஆளாகத் திரும்பி வந்தார். தெரிந்தவர்களிடம் நகைச்சுவை வரி கேட்டு வாங்க முயன்றது வெளியே தெரிந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தொகுப்பாளர்களின் நிலை இரண்டும்கெட்டானாக இருந்தது. லெனோ, கோனன், கிம்மல் மூவரும் எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். அதே சமயம் மேடையேறும் கலைஞர்கள் என்ற முறையில் ஒளிபரப்புக் கலைஞர் சங்கமான ஆப்ட்ராவின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த ஒப்பந்தம் நடப்பில் இருந்தது, இன்னொரு சங்கத்துக்காக அவர்கள் வேலையை நிறுத்த அதில் இடமில்லை. ஆக, மேடையேற வேண்டும், ஆனால் எழுதக் கூடாது.

இந்தச் சிக்கலில் சிக்காதவர் டேவிட் லெட்டர்மேன். காரணம் அவருடைய திறமையல்ல, 1993இல் சிபிஎஸ் நிலையத்துக்குப் போனபோது போட்ட ஒப்பந்தம். அவருடைய நிகழ்ச்சியும் அதையடுத்து வரும் கிரெய்க் பெர்குசன் நிகழ்ச்சியும் அவருடைய சொந்த நிறுவனமான வேர்ல்ட்வைட் பேன்ட்ஸுக்கே உரியவையாக இருந்தன. சிபிஎஸ் வாங்கி ஒளிபரப்பும் நிலையமாக மட்டுமே இருந்தது. எனவே எழுத்தாளர் சங்கம் அந்த நிறுவனத்தோடு நேராகப் பேச முடிந்தது. சங்கம் கேட்டதை நிறுவனம் ஒத்துக்கொண்டது. டிசம்பர் 28 வெள்ளிக்கிழமை தனி உடன்படிக்கை கையெழுத்தானது. லெனோவும் கோனனும் இதே வழியைக் கேட்கவே முடியாது, ஏனென்றால் அவர்கள் நிகழ்ச்சிகள் என்பிசி நிலையத்தின் சொத்து. பெரிய நிலையங்களெல்லாம் ஒரே கூட்டணியாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்த இரவு

ஜனவரி 2, புதன்கிழமை, பெரிய நிலையங்களின் தொகுப்பாளர்கள் ஒன்றாகத் திரும்பினார்கள். லெட்டர்மேனின் எழுத்தாளர்களுக்குக் கிடைத்தது புத்தாண்டையும் சேர்த்து ஐந்து நாள். ஆனால் எட்டு வாரச் செய்தி குவிந்து கிடந்தது, அதிலும் வேலைநிறுத்தமே பெரிய செய்தி. ஹிலாரி கிளின்டனை வைத்து அறிமுகம், மறியல் பதாகை பிடித்த நடனப் பெண்கள், 'டாப் டென்' பட்டியலாக வேலைநிறுத்த எழுத்தாளர்களின் கோரிக்கைகள். அந்தப் பட்டியலை வாசித்தவர்கள் உண்மையிலேயே வேலைநிறுத்தத்தில் இருந்த எழுத்தாளர்கள். விருந்தினர் ராபின் வில்லியம்ஸ். எழுத்து, அரங்கப் பொருள், ஆள் ஏற்பாடு மூன்றும் ஒரே திசையில் இழுக்கும் நிகழ்ச்சி எப்படியிருக்கும் என்பதற்கு இது உதாரணம்.

அதே இரவு கலிபோர்னியாவின் பர்பாங்கில் லெனோ மோனோலாக்கோடு வந்தார். தானே எழுதியதாக மேடையிலேயே சொன்னார். இங்கேதான் சட்டச் சிக்கல். தன் வாயால் சொல்லப்போவதைத் தானே எழுதிக்கொள்ளும் கலைஞனுக்குச் சங்க ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு என்றது என்பிசி. வேலைநிறுத்த விதிகள் உறுப்பினரை எந்த எழுத்து வேலையும் செய்யவிடாது என்றது சங்கம். வாதம் வேலைநிறுத்தம் முடிந்தும் ஓடி, கடைசியில் சங்கத்தின் விசாரணைக் குழு 2009இல் லெனோமீது குற்றமில்லை என்று முடித்தது. ஆனால் மற்ற தொகுப்பாளர்கள் ஜனவரியில் தீர்ப்புக்காகக் காத்திருக்க முடியாது. ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டார்கள்.

கோடு எங்கே என்பது சின்ன விஷயமில்லை. காகிதத்தில் எழுதினால் எழுத்து. மேடையில் வாய்க்கு வந்ததைச் சொன்னால் பேச்சு. காரில் வரும்போது மனத்துக்குள் யோசித்து வைத்ததை மேடையில் சொன்னால்? சாதாரண நாளில் யாரும் எழுத்து என்றே நினைக்காத வேலைகளும் இதில் மாட்டின: நேரத்துக்காக வெட்டுவது, வெட்டிய இடத்தைச் சேர்க்க ஒட்டு வரி போடுவது. தயாரிப்பாளராகவும் எழுத்தாளராகவும் இரட்டைப் பதவி வகிக்கும் உறுப்பினர்கள் இவற்றைச் செய்யக் கூடாது என்பது சங்கத்தின் நிலை. இரட்டைப் பதவிக்காரரின் கையை நம்பி ஏழு மணிக்குமேல் வெட்டலாம் என்ற வசதி அதோடு போயிற்று.

இரண்டாவது ஓட்டை

முதல் வாரத்தில் எல்லோரும் பயந்தது மோனோலாக்கை நினைத்து. உண்மையில் வலித்தது விருந்தினர் நாற்காலி.

திரை நடிகர்களின் சங்கம் எழுத்தாளர் பக்கம் நின்றது. நியூயார்க்கில் கோனனின் அரங்கம் இருந்த 30 ராக்கபெல்லர் பிளாசா வாசலிலும் பர்பாங்க் வாசலிலும் மறியல் வரிசை. அதைத் தாண்டி உள்ளே வர எந்த நடிகரும் தயாரில்லை. படம் வெளியாகும் வாரத்தில் நட்சத்திரம் வந்து உட்காருவதுதான் இந்த நிகழ்ச்சிகளின் பொருளாதாரம். அந்த நட்சத்திரங்களெல்லாம் லெட்டர்மேனுக்குப் போனார்கள். தனி உடன்படிக்கையால் அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் எழுத்தாளரல்ல, வாசலில் மறியல் இல்லாத அரங்கம் என்றே சொல்லலாம்.

லெனோவின் முதல் இரவு விருந்தினர் அதிபர் வேட்பாளர் மைக் ஹக்கபி. மறுநாள் அயோவா மாநிலத்தில் முதல் வாக்கெடுப்பு. லெனோ நிகழ்ச்சிக்கும் சங்கத்தோடு உடன்படிக்கை ஆகிவிட்டது என்று நினைத்தே அவர் வந்ததாகத் தெரிந்தது. வந்தவர் இசைக்குழுவோடு பேஸ் கிட்டாரும் வாசித்தார். அரங்க அமைப்பில் ஒன்றையும் மாற்றாமல் நிமிடங்களை நிரப்பியது அந்த வாசிப்பு. மறுநாள் அயோவாவில் ஜெயித்தும் விட்டார்.

நடிகர் வராவிட்டால் யார் வருவார்கள்? அரசியல்வாதி, சமையல்காரர், விளையாட்டு வீரர், மிருகங்களைக் கொண்டுவருபவர், மேடை நகைச்சுவையாளர், பாடகர். ஒவ்வொருவரும் தயாரிப்புக்கு வேறு வேறு பாரம். நடிகருக்கு வழக்கமான முன்பேட்டி போதும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான செக்மென்ட் புரொடியூசர் ஓரிரு நாள் முன்பு தொலைபேசியில் அரை மணி நேரம் பேசி, நான்கைந்து கதைகளைப் பொறுக்கி, தொகுப்பாளர் கையட்டையில் ஒவ்வொரு கதைக்கும் ஒரு தூண்டுவரி எழுதுவார். ஏழெட்டு நிமிடத்தில் மூன்று கதை ஓடிவிடும். நடிகருக்குக் கதை சொல்லும் நிறுத்தமும் வேகமும் தெரியும். சமையல்காரருக்கு அடுப்பு மேசை வேண்டும், தீயணைப்புக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும், வெந்து முடிந்த பாத்திரம் ஒன்று தயாராக மேசைக்கடியில் இருக்க வேண்டும், மேலிருந்து காட்டும் கேமரா வேண்டும். மிருகம் வந்தால் இசைக்குழு சத்தத்தைக் குறைக்க வேண்டும், தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும், தொகுப்பாளரின் மைக்கை மிருகத்துக்கு எட்டாத இடத்தில் குத்த வேண்டும். இந்தப் பகுதிகளுக்கு எழுத்து குறைவு, ஏற்பாடு அதிகம். எழுத்தாளர் இல்லாததால் சும்மா நின்ற அரங்கப் பொருள் துறைக்கு ஒரே நாளில் தலைக்குமேல் வேலை வந்தது இப்படித்தான்.

ஆள் பஞ்சம் எந்த அளவு என்றால், ஜனவரி 10 அன்று கிம்மல் லெனோவின் நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனார், அதே இரவு லெனோ கிம்மலின் நிகழ்ச்சிக்கு வந்தார். போட்டி நிலையங்களின் தொகுப்பாளர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்து சாப்பிட்டார்கள். இருவருமே உள்ளே இருப்பவர்கள் என்பதால் யாரும் புதிதாக மறியலைத் தாண்ட வேண்டியதில்லை. ஒரே கல்லில் இரண்டு நாற்காலி.

சும்மா இருப்பதைக் காட்டுவது

கோனன் எடுத்த வழிதான் தொழில்ரீதியாகச் சுவாரசியமானது. அவர் தாடியோடு வந்தார். நகைச்சுவை வரி இல்லை என்பதை மறைக்காமல், நேரத்தை வீணாக்குவதையே காட்சியாக்கினார். கல்யாண மோதிரத்தை மேசையில் சுழலவிட்டு எத்தனை நொடி நிற்கிறது என்று பார்த்தார். அடுத்தடுத்த இரவுகளில் தன் சாதனையைத் தானே முறியடிக்கப் பார்த்தார்.

கேட்கும்போது குழந்தை விளையாட்டு. இயக்குநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இதற்கு ஒரு கேமராவை மேசைமீது நெருக்கமாகக் குவித்து ஒதுக்க வேண்டும், இன்னொன்று முகத்தில், மூன்றாவது அரங்கின் முகங்களில். திரையில் நொடி ஓட வேண்டும். மேசை மைக் மோதிரத்தின் உரசலைப் பிடிக்க வேண்டும். டிரம்மர் எப்போது தட்ட வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும். காகிதத்தில் ஒரு வரி இல்லை, கன்ட்ரோல் ரூமில் இருக்கும் எல்லோருக்கும் வேலை. ஓடினால் நாற்பது நொடி, விழுந்தால் ஏமாற்றத்துக்கு ஒரு சிரிப்பு. இரண்டு வழியிலும் நேரம் நிரம்பும். மோனோலாக்கில் விழுந்த வரிக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

ஆனால் இது எல்லோருக்கும் கைகூடாது. எழுத்தாளராகத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மேடையில் நின்றவர், பார்வையாளர் அவரை ஏற்கெனவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எழுத்தாளர்கள் சேர்த்துக் கொடுத்த முதல். ஆறு வாரமும் வட்டியைத்தான் செலவழித்தார். சட்டியில் இருந்ததுதான் அகப்பையில் வந்தது.

கோல்பேரின் நிலை இதற்கு நேர் எதிர். அவர் நிகழ்ச்சியில் அவர் ஒரு கற்பனைப் பாத்திரம், டெலிப்ராம்ப்டரில் ஓடும் வசனத்தால் கட்டிய அரசியல் விமர்சகர். வசனம் இல்லாவிட்டால் பாத்திரமே இல்லை. காமெடி சென்ட்ரல் சேனல் ஜனவரி 7 அன்று திருப்பிக் கொண்டுவந்தபோது, அவர் 'தி கோல்பேர் ரிப்போர்' என்ற நிகழ்ச்சிப் பெயரில் வழக்கமாக விழுங்கும் 'ட்' ஒலிகளை அழுத்தி உச்சரித்தார்: இது அந்த நிகழ்ச்சியல்ல என்பதற்கு அடையாளம். ஸ்டூவர்ட்டும் 'தி டெய்லி ஷோ'வை 'எ டெய்லி ஷோ' என்று மாற்றினார். பெயர்ப்பலகை மாற்றமே வேலைநிறுத்தத்துக்குக் காட்டிய மரியாதை, முதல் சிரிப்பும் அதுவே. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

பிறகு மூன்று பேரும் சேர்ந்தார்கள். ஹக்கபியைப் பிரபலமாக்கியது நான்தான் என்று கோல்பேர், கோனன், ஸ்டூவர்ட் மூவரும் பொய்ச்சண்டை வளர்த்தார்கள். பிப்ரவரி 4 அன்று அது மூன்று நிகழ்ச்சிகளிலும் கைகலப்பாக முடிந்தது. மூன்றும் நியூயார்க்கின் மன்ஹாட்டனிலேயே படமாயின, கார் ஏறினால் சில நிமிடம். ஒருவர் இன்னொருவருக்கு விருந்தினர், மூன்று கடிகாரத்திலும் நிமிடங்கள் நிரம்பும், நடிகர் யாரும் தேவையில்லை. லெனோ, கிம்மல் பண்டமாற்றின் பெரிய வடிவம்தான் இது, ஆனால் தொடர்கதையாக ஓடியதால் பார்வையாளருக்கு அடுத்த இரவு வரக் காரணம் இருந்தது.

பார்வையாளர் எண்ணிக்கையில் ஓர் ஆச்சரியம். எழுத்தாளரும் நட்சத்திரமும் இருந்தும் லெட்டர்மேன் லெனோவை முந்தவில்லை. ஜனவரி 2 இரவும் லெனோதான் முன்னால். பதினொன்றரைக்கு எந்தச் சேனல் என்பது ஆண்டுக்கணக்கில் கையில் ஊறிய பழக்கம், உள்ளூர்ச் செய்தி முடிந்த சேனலிலேயே ரிமோட் கிடக்கும். ஆறு வாரத் தரக்குறைவு அதை அசைக்கவில்லை. இதை வைத்து எழுத்தாளர் தேவையில்லை என்று முடிவுகட்டினால் தவறு. லெனோ மோனோலாக்கை விடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யார் எழுதினாலும், எழுதிய ஒன்று தினமும் அந்த இடத்தில் இருந்தது.

பிப்ரவரி 12 அன்று வேலைநிறுத்தம் முடிந்து, மறுநாளே எழுத்தாளர்கள் தங்கள் அறைகளுக்குத் திரும்பினார்கள்.

2023இல்

2023 மே 2 அன்று எழுத்தாளர்கள் மீண்டும் வெளியேறியபோது, யாரும் 2008 வழியைத் தொடவில்லை. நிகழ்ச்சிகள் உடனே மறுஒளிபரப்புக்குப் போயின. வேலைநிறுத்தம் செப்டம்பர் 27 வரை, 148 நாள் நீடித்தது. எழுத்தாளர் இல்லாமல் திரும்பப்போவதாகச் சொன்ன தொகுப்பாளர் பில் மார் சில நாளிலேயே பின்வாங்கினார். லெட்டர்மேன் போல நிகழ்ச்சியைத் தன் நிறுவனத்தில் வைத்திருந்து தனியாகக் கையெழுத்துப் போடக்கூடிய பின்னிரவுத் தொகுப்பாளர் பெரிய நிலையங்களில் யாரும் இல்லை. கோல்பேர், பேலன், கிம்மல், மேயர்ஸ், ஆலிவர் என்ற ஐந்து தொகுப்பாளர்களும் சேர்ந்து 'ஸ்ட்ரைக் போர்ஸ் பைவ்' என்ற ஒலிப்பதிவுத் தொடரை நடத்தி, வருமானத்தை வேலையில்லாமல் நின்ற தங்கள் குழுவினருக்குக் கொடுத்தார்கள். 2008இல் தொகுப்பாளர்களை மேடைக்குத் தள்ளிய முக்கியக் காரணம் குழுவின் சம்பளம். அதற்கு வேறு வழி கிடைத்ததும் அவசரம் குறைந்தது.

அக்டோபர் 2, திங்கட்கிழமை, திரும்பியபோது நிலைமை தலைகீழ். எழுத்தாளர்கள் அறையில் இருந்தார்கள், ஐந்து மாதச் செய்தி மேசைமீது குவிந்து கிடந்தது, மோனோலாக் தளும்பியது. ஆனால் ஜூலை 14 முதல் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில், நவம்பர் 9 வரை அது முடியவில்லை, படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆள் ஏற்பாட்டுக்காரர்கள் புத்தகக் கடைப் பக்கம் திரும்பினார்கள். கோல்பேரின் நாற்காலியில் வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன். பேலனிடம் மேத்யூ மெக்கானகியும் கிம்மலிடம் அர்னால்ட் ஸ்வார்ஸநெகரும் வந்தார்கள், இருவர் கையிலும் படத்துக்குப் பதில் புதிய புத்தகம்.